ஓட்டாண்டியும் சொத்தைக் கொட்டையும்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் "பௌபெராரே என்ற லத்தீன் வினைக்கு ஓட்டாண்டியாக்குதல் என்று பொருள்" என்று எழுதிவிட்டேன். பக்கத்தை முடித்து அனுப்பும் அவசரம். அந்த ஒரு வரிக்கு மட்டும் வந்த கடிதங்களை அடுக்கிப் பார்த்தால் இந்த மாதத்துக்கு வேறு கேள்வியே வேண்டாம் போலிருக்கிறது. சொல்லாராய்ச்சி செய்கிறவனுக்கு இதைவிட நல்ல தண்டனை கிடையாது. மற்றக் கேள்விகள் அடுத்த இதழில்.

கேள்வி: ஓட்டாண்டியாக்குவதும் ஏழையாக்குவதும் ஒன்றா? என்னிடம் இருக்கும் லத்தீன் அகராதியில் ‘ஏழையாக்கு’ என்றுதான் இருக்கிறது. (ஒரு வரலாற்று ஆசிரியை)

பதில்: ஒன்றில்லை. நான் எழுதியது தப்பு.

ஓட்டாண்டி யார்? கையில் ஓடு ஏந்திய ஆண்டி. அந்த ஓட்டைத் தவிர அவனிடம் எதுவும் இல்லை. லத்தீனில் அவனுக்குத் தனிப் பெயர் இருக்கிறது, மென்தீகுஸ். பிச்சையெடுப்பவன். அவனுக்குச் சற்று மேலே, அடிப்படைத் தேவைகளுக்கே முட்டுகிற நிலை எகெஸ்தாஸ். உதவிக்கும் வழிக்கும் ஆளில்லாத நிலை இனோபியா. பௌபெர் என்பவன் இவர்கள் யாரோடும் சேர்த்தி இல்லை. அவனிடம் கொஞ்சம் இருக்கிறது, நிறைய இல்லை. அவ்வளவுதான். உழைத்துச் சாப்பிடுகிறான், வீடு வாசல் உண்டு, பணக்காரன் பக்கத்தில் நின்றால் சிறுத்துத் தெரிவான்.

ரோமானியக் கவிஞர் ஹொராஸ் தன்னைப் பௌபெர் என்று சொல்லிக்கொண்டவர். "பௌபெரான என்னைப் பணக்காரன் தேடி வருகிறான்" என்று ஒரு பாட்டில் பெருமையடித்துக்கொள்கிறார். சரி, இந்தப் பௌபெரின் சொத்து என்ன? சபைன் மலைப்பக்கத்தில் ஒரு பண்ணை. அதில் ஐந்து குடித்தனங்கள் குடியிருந்ததாக அவரே ஒரு கடிதக் கவிதையில் எழுதியிருக்கிறார். பண்ணையில் எத்தனை அடிமைகள்? வாயாடிய ஓர் அடிமையைப் பார்த்து "ஓடு, இல்லாவிட்டால் சபைன் பண்ணைக்கு ஒன்பதாவது ஆளாகப் போவாய்" என்று மிரட்டுகிறார். ஆக, ஏற்கெனவே எட்டுப் பேர். எட்டு அடிமைகளை வைத்துக்கொண்டு ஒருவர் தன்னை ஏழை என்கிறார் என்றால் அந்தச் சொல்லை நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக மொழிபெயர்க்க வேண்டும் என்று பாருங்கள்.

இன்னொரு சாட்சி மார்ஷியல். கி.பி. முதல் நூற்றாண்டுக்காரர். குறும்பாட்டு எழுதுவதில் மன்னன். நெஸ்டர் என்ற ஒருவனைப் பார்த்துப் பாடுகிறார்: உனக்கு மேலாடை இல்லை, அடுப்பு இல்லை, மூட்டைப்பூச்சி அரித்த கட்டில்கூட இல்லை, சதுப்புக் கோரையில் முடைந்த பாய் இல்லை, வேலைக்காரன் இல்லை, வேலைக்காரி இல்லை, குழந்தை இல்லை, தாழ்ப்பாள் இல்லை, சாவி இல்லை, நாய் இல்லை, ஒரு குவளைகூட இல்லை. ஆனாலும் உன்னைப் பௌபெர் என்று ஊர் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறாய். பொய் சொல்கிறாய், இல்லாத மரியாதையை எடுத்துப் பூசிக்கொள்கிறாய். ஒன்றுமே இல்லாமலிருப்பது பௌபெர்தாஸ் ஆகாது, நெஸ்டர்!

"மரியாதை" என்பது நான் சேர்த்ததில்லை, மூலத்திலேயே இருக்கிறது. ஏழை என்று அழைக்கப்படுவது ஒரு தகுதி, அதற்கே இவனுக்கு யோக்கியதை இல்லை என்பதுதான் கிண்டல். இந்தப் பாட்டைப் படித்தவன், அதுவும் ஒருகாலத்தில் மனப்பாடமாகச் சொன்னவன், போய் ‘ஓட்டாண்டி’ என்று எழுதினேனே!

இனி வினைக்கு வருவோம். பௌபெர் என்பவன் கொஞ்சம் உள்ளவன் என்றால், பௌபெராரே என்பது ஒருவனுடைய கையிருப்பைக் குறைப்பது. எவ்வளவு குறைத்தாலும் பௌபெராரேதான். வீட்டை எழுதி வாங்க வேண்டும் என்பதில்லை, ஒரே ஒரு கொட்டை போதும். இதை நான் சொல்லவில்லை, மறுபடி ஹொராஸ்.

கி.மு. 30 வாக்கில் வெளிவந்த அங்கதப் பாடல்களில் ஒன்று. கிரேக்கக் காவிய நாயகன் யுலிசிஸ் பாதாள உலகத்தில் நிற்கிறான். ஊருக்குத் திரும்பினால் சொத்தெல்லாம் மனைவியின் பின்னால் சுற்றுகிறவர்கள் தின்று தீர்த்திருப்பார்கள். மறுபடி பணம் சேர்ப்பது எப்படி என்று குருட்டுத் தீர்க்கதரிசி தைரேசியாசிடம் கேட்கிறான். அவர் சொல்லும் வழி: பிள்ளைகுட்டி இல்லாத பணக்காரக் கிழவன் ஒருவனைப் பிடி, ஒட்டிக்கொள், உயிலில் உன் பெயரை எழுதவை. ரோமில் அப்போது இது ஒரு தொழிலாகவே நடந்தது. கிழவனுக்கு ஏதாவது வழக்கு வந்தால் முதல் ஆளாக ஓடிப்போய் நில். நின்று இப்படிச் சொல்: "உங்களை மதிக்காமல் ஒருத்தன் ஒரு சொத்தைக் கொட்டையளவு உங்களுக்கு நஷ்டம் பண்ணுவதற்கு முன்னால், அவன் என் கண்ணைப் பிடுங்கட்டும்."

அந்த "நஷ்டம் பண்ணுவது" என்ற இடத்தில்தான் நம் வினை நிற்கிறது. ‘தே’ (உன்னை), ‘கஸ்ஸா நுகே’ (சொத்தைக் கொட்டையால்), ‘பௌபெரெத்’ (ஏழையாக்குவான்). ஆளை இரண்டாம் வேற்றுமையில் வைத்து, பறிபோன பொருளை ‘ஆல்’ என்ற வேற்றுமையில் வைக்கிறார்கள். உன்னை ஒரு கொட்டையால் ஏழையாக்குவது! உள்ளே பருப்புக்கூட இல்லாத கொட்டை. நெற்றியில் அடித்த மாதிரி ஒரு உதாரணம் இருக்க, ஓட்டாண்டி எங்கே வந்தது?

இதில் ஒரு விஷமம் உண்டு. அந்தக் கொட்டைக்குக் கண்ணைக் கொடுப்பதாகச் சொல்கிறவன்தான் பின்னால் முழுத் தோட்டத்தையும் உயிலில் வாங்கிக்கொள்ளப் போகிறவன்.

கேள்வி: ‘அவன் ஏழையானான்’ என்று சொல்ல இந்த வினையைப் பயன்படுத்தலாமா? (லத்தீன் கற்கும் ஒரு கல்லூரி மாணவி)

பதில்: கூடாது அம்மா. இந்தப் பள்ளத்தில் நானே விழுந்து எழுந்தவன்.

இளம் வயதில் குருமடத்தில் சேர்ந்து மூன்று வருடம் லத்தீன் படித்தேன், பிறகு வெளியே வந்துவிட்டேன். அழைத்தல் போய்விட்டது, லத்தீன் தங்கிவிட்டது. இரண்டாம் வருடத் தேர்வில் ஒரு வாக்கியம்: ஆடம்பரம், அப்பா, பௌபெராட் என்று மூன்றே சொல். ‘அப்பா’ இரண்டாம் வேற்றுமையில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. "ஆடம்பரத்தால் அப்பா ஏழையாக இருக்கிறார்" என்று எழுதினேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ஃபாதர் இரண்டு சொல் எழுதியிருந்தார்: "யார், யாரை?" மதிப்பெண் எதுவும் போடவில்லை. அந்த இரண்டு சொல்லை இன்றுவரை எந்தச் செயப்படுபொருள் குன்றாவினையைப் பார்த்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.

பெயரடையிலிருந்து வினை செய்ய லத்தீனில் ஒரு ஒழுங்கு உண்டு. அல்புஸ் என்றால் வெள்ளை. அல்பாரே என்றால் வெள்ளையாக்கு. அல்பேரே என்றால் வெள்ளையாக இரு. அல்பெஸ்கெரே என்றால் வெளுத்துவா, விடியற்காலை வானம் மாதிரி. நடுவில் ‘ஆ’ வந்தால் யாரோ யாரையோ ஏதோ செய்கிறார்கள் என்று பொருள். பௌபெராரேயில் இருப்பது அந்த ‘ஆ’. தமிழ்க்காரர்களுக்கு இது புதிதில்லை. நிலா தேய்கிறது, அவன் கத்தியைத் தேய்க்கிறான். ஒரு ‘க்’ வந்ததும் யாரை, எதை என்ற கேள்வி வந்துவிடுகிறதே, அதுதான். வாடு, வாட்டு இன்னொரு ஜோடி.

‘அவன் ஏழையானான்’ என்று சொல்ல வேண்டுமானால் பௌபெர் என்ற பெயரடையோடு ‘ஆகு’ என்ற வினையைச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், வம்பில்லை. இல்லாவிட்டால் பௌபெராத்துர், அதாவது ‘ஏழையாக்கப்படுகிறான்’ என்று செயப்பாட்டு வினையில் வையுங்கள். அதிலும் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்ற சாடை போகாது.

கேள்வி: பௌபெர் என்ற சொல்லுக்கு வேர் என்ன? (ஒரு விவசாயத் துறை மாணவர்)

பதில்: உங்கள் துறைக்கே உரிய கேள்வி. ‘பௌ’ என்பது குறைவு. பௌகுஸ் என்றால் ‘கொஞ்சம்’. இரண்டாவது பாதி பரேரே என்ற வினையோடு சேர்ந்தது: ஈனுதல், விளைவித்தல். ஆக, பௌபெர் என்றால் குறைவாக ஈனுவது. பசு, மரம், வயல் எதற்கும் பொருந்தும் பேச்சு. பையில் பணம் இல்லாதவன் என்பது பிறகு வந்த பொருள்.

திபுல்லஸ் என்ற கவிஞர் தன் முதல் பாட்டிலேயே இதை அருமையாகப் பிடித்திருக்கிறார். தன் நிலத்துக் காவல் தெய்வங்களைப் பார்த்து, "ஒருகாலத்தில் ஃபேலிக்ஸ், இன்று பௌபெர் ஆகிவிட்ட வயலின் காவலர்களே, உங்கள் பங்கை வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். ஃபேலிக்ஸ் என்ற சொல்லைப் பெரும்பாலோர் ‘மகிழ்ச்சியான’, ‘பாக்கியம் பெற்ற’ என்று படிப்பார்கள். அதன் பழைய பொருள் நன்றாகக் காய்க்கிற, விளைகிற என்பது. இரண்டையும் ஒரே வரியில் வயலின் மேல் ஏற்றி வைத்ததும் இரண்டு சொல்லும் தங்கள் பிறந்த வீட்டுக்குப் போய்விடுகின்றன. அடுத்த வரியில் கணக்கையும் சொல்லிவிடுகிறார்: அன்றைக்கு எண்ணற்ற காளைகளின் நலனுக்காக ஒரு கன்றுப் பசுவைப் பலி கொடுத்தோம், இன்றைக்கு இந்தத் துண்டு நிலத்துக்கு ஒரு பெண் ஆட்டுக்குட்டி. பசுவிலிருந்து ஆட்டுக்கு இறங்கியதுதான் பௌபெர். ஆடும் இல்லாமல் போவது பௌபெர் இல்லை. கவனியுங்கள், இங்கேயும் கை முற்றிலும் காலியாகவில்லை.

தாவரவியல்காரர்களிடம் இந்த வினையின் ஒரு கிளை உயிரோடு இருக்கிறது. பௌபெராரேக்கு முன்னால் ‘தே’ என்ற முன்னொட்டைச் சேர்த்துத் தேபௌபெராரே என்று பிற்கால லத்தீனில் ஒரு வினை வந்தது. ‘நன்றாகவே வற்ற வை’ என்று வைத்துக்கொள்ளலாம். கோரை வகையில் ஒரு செடிக்குக் காரெக்ஸ் தேபௌபெராட்டா என்று பெயர். ஆங்கிலத்தில் அதைப் பட்டினிக் கோரை என்கிற மாதிரி அழைக்கிறார்கள். பிரிட்டனில் மிக அரிது. சர்ரே, சோமர்செட் பக்கம் காட்டோரங்களில் ஒன்றிரண்டு இடங்களில்தான் இருக்கிறது. செடி ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை. மற்றக் கோரைகளில் பெண் கதிர் காய்களால் நெருக்கியடித்து இருக்கும். இதில் கதிருக்கு நான்கைந்து காய்தான், அதுவும் தள்ளித் தள்ளி. காய் ஒவ்வொன்றும் என்னவோ பெரிதாகவே இருக்கிறது. குறைவாக ஈனுவது! ரோமானியப் பணப்பையெல்லாம் சுற்றிவிட்டுச் சொல் மறுபடி செடிக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

தமிழில் வறுமையைச் சொல்லும்போதே வறட்சி காதில் விழுகிறது. நமக்கு ஏழ்மை தண்ணீர் வற்றியதில் தொடங்குகிறது, அவர்களுக்குக் காய்ப்பு குறைந்ததில்.

கேள்வி: இத்தாலிய மொழியில் ஏழைப் பெண்ணைப் ‘பொவெரா’ என்கிறார்களே, அதுவும் இதுதானா?

பதில்: அதேதான். ஆனால் இலக்கண வாத்தியார்களை மீறி வந்தது. செவ்வியல் லத்தீனில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பௌபெர் ஒன்றே. பேசுகிற ஜனங்கள் பெண்ணுக்குப் பௌபெரா என்று ‘ஆ’ சேர்த்தார்கள். புரோபஸ் பின்னிணைப்பு என்று வழங்கும் ஒரு பழைய பட்டியல் இருக்கிறது. இப்படிச் சொல், அப்படிச் சொல்லாதே என்று 227 திருத்தங்கள். அதில் ஒன்று: "பௌபெர் முலியெர் என்க, பௌபெரா முலியெர் என்னாதே." முலியெர் என்றால் பெண். திருத்தியவர் பெயர்கூட நிலைக்கவில்லை, அவர் கூடாது என்ற வடிவம் இத்தாலி முழுக்கப் புழங்குகிறது.

பிரெஞ்சின் அப்போவ்ரீர், இத்தாலியின் இம்பொவெரீரே, ஸ்பானியத்தின் எம்போப்ரெசெர் எல்லாம் ‘ஏழையாக்கு’ என்ற பொருளில் பௌபெரிலிருந்தே புதிதாகச் செய்துகொண்டவை. ருமேனிய மொழி மட்டும் வழி மாறிவிட்டது. அங்கே ஏழைக்கு சராக் என்று பெயர். பல்கேரியப் பக்கமிருந்து வந்த சொல், முதலில் அனாதை என்று பொருள். நம் பேச்சில் "பாப்பர் ஆயிட்டான்" என்கிறோமே, அந்தப் பாப்பரும் ஆங்கிலம் வழியாக வந்த பௌபெர்தான்.

கேள்வி: ரோமில் ஆளுநர்கள் மாகாணங்களைச் சூறையாடியதைப் பற்றிப் படிக்கிறோம். அங்கெல்லாம் இந்த வினைதானே வரும்? (ஒரு வாசகர்)

பதில்: வரும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். ஆனால் இது அதிகம் புழங்காத சொல். நகைச்சுவை நாடகத்திலும் அங்கதத்திலும் தலைகாட்டும், சிரிப்பு கலந்த இடங்களில். மேடைப் பேச்சுக்குப் போனால் கனமான சொற்கள் வேண்டும். காலி செய், கறந்து தீர், உரித்தெடு, தேவையின் விளிம்புக்குத் தள்ளு என்று வரிசையாக வைத்திருந்தார்கள்.

சிசிலித் தீவின் ஆளுநராக இருந்துவிட்டு வந்த வெர்ரெஸ் மீது, ரோமின் பெரிய பேச்சாளர் சிசரோ கி.மு. 70இல் வழக்கு நடத்தினார். தானியத்தில் பத்தில் ஒரு பங்கு வரி என்பது பழைய முறை, அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. வெர்ரெஸ் ஓர் ஆணை போட்டார்: வரி எவ்வளவு என்று வசூலிப்பவர் சொல்கிறாரோ அவ்வளவையும் விவசாயி முதலில் கொடுத்துவிட வேண்டும். வழக்கு வேண்டுமானால் அப்புறம் போட்டுக்கொள்ளலாம். தராசையும் படியையும் வாங்குகிறவன் கையிலேயே கொடுத்த கதை. சிசரோ உணர்ச்சியில் பொங்கவில்லை, பதிவேட்டை விரித்தார். லெயோந்தினி நிலத்தில் வெர்ரெஸ் வந்த முதல் ஆண்டு 84 சாகுபடிக்காரர்கள், மூன்றாம் ஆண்டு 32. அகிரியத்தில் 250 பேர், மூன்றாம் ஆண்டு 80. மீதிப் பேர் நிலத்தை விட்டே போய்விட்டார்கள்.

இதற்குப் பௌபெராரே போதாது. கொட்டை போன வருத்தத்துக்கும் ஊரே கிளம்பிப்போன கொடுமைக்கும் ஒரே சொல்லா? இங்கேதான் ‘ஓட்டாண்டியாக்கினான்’ என்று நான் எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி: விவிலியத்தின் லத்தீன் மொழிபெயர்ப்பில் இந்த வினை உண்டா?

பதில்: சாமுவேல் முதல் நூலில் அன்னாளின் பாட்டு வருகிறது. ஆண்டவர் ஏழையாக்குகிறார், செல்வராக்குகிறார் என்ற வரி. விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்த புனித எரோணிமுஸ் ‘செல்வராக்குகிறார்’ என்பதற்கு தீத்தாட் என்று ஒரே வினை போட்டார். ‘ஏழையாக்குகிறார்’ என்பதற்கு பௌபெராட் என்று போட்டிருந்தால் தராசு சமமாக நின்றிருக்கும். போடவில்லை. ‘பௌபெரெம் ஃபாகித்’, ஏழையாகச் செய்கிறார், என்று இரண்டு சொல்லாகப் பிரித்துவிட்டார். வினை எவ்வளவு அரிதாகப் புழங்கியது என்பதற்கு இதுவும் ஒரு அடையாளம் என்று நினைக்கிறேன். நாடகக் கொட்டகையின் வாடை அடித்திருக்கலாம்.

பௌபெர் என்ற சொல்லின் தரம் இறங்கியதில் விவிலியத்துக்கும் பங்குண்டு. கிரேக்கத்தில் இரண்டு ஏழைகள் இருந்தார்கள். பெனேஸ், உழைத்துக் கட்டுசெட்டாக வாழ்கிறவன். ப்தோகோஸ், ஒன்றுமில்லாதவன். கி.மு. 388இல் அரிஸ்டோஃபனீஸ் போட்ட நாடகத்தில் வறுமையே ஒரு பெண்ணாக மேடைக்கு வந்து, "ப்தோகோஸ் வாழ்க்கை என்பது ஒன்றுமில்லாமல் வாழ்வது; பெனேஸ் வாழ்க்கை என்பது சிக்கனமாக, வேலையில் கண்ணாக வாழ்வது, மீதமும் இருக்காது, குறையும் இருக்காது" என்று சண்டை போடுகிறாள். என்னைப் பிச்சைக்காரியோடு சேர்க்காதே என்ற ரோஷம். இயேசுவின் மலைப்பொழிவில் பேறுபெற்றோர் என்று வருகிற ஏழைகள் கிரேக்கத்தில் ப்தோகோய். லத்தீனில் பௌபெரெஸ் ஆனார்கள். எட்டு அடிமை வைத்திருந்த ஹொராஸும் ஓடு ஏந்தியவனும் அந்த நாளிலிருந்து ஒரே பாயில் உட்கார்ந்தார்கள்.

கேள்வி: ஆங்கிலச் சட்டங்களில் ‘இன் ஃபோர்மா பௌபெரிஸ்’ என்று வருகிறது. அதுவும் இதே குடும்பமா? (ஒரு இளம் வழக்கறிஞர்)

பதில்: ஆமாம். ‘ஏழை என்ற முறையில்’. இங்கிலாந்தில் ஏழாம் ஹென்றி காலத்தில், 1495இல், கட்டணம் இல்லாமல் ஏழைகள் வழக்காட ஒரு சட்டம் வந்தது. அந்தத் தொடரை வைத்து நடந்த வழக்குகளில் பெயர்பெற்றது அமெரிக்காவில் கிளாரன்ஸ் கிடியன் வழக்கு. ஃபுளோரிடா சிறையில் இருந்துகொண்டு, சிறைத் தாளில் பென்சிலால் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார். குற்ற வழக்கில் வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவனுக்கு அரசே வைத்துத் தர வேண்டும் என்று 1963இல் தீர்ப்பு. பௌபெர் என்ற சொல் ஒரு மனிதனுக்கு நல்லது செய்த அபூர்வமான இடம்.

மற்ற இடங்களில் அது அவ்வளவு நல்ல சொல்லாக இல்லை. 1697இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. ஊர்த் திருச்சபைப் பங்கிடம் உதவி வாங்குகிறவர்கள் வலது தோளில், சட்டைக் கைமேல், சிவப்பு அல்லது நீலத் துணியில் வெட்டிய ‘பி’ என்ற எழுத்தைத் தைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் பங்கின் முதல் எழுத்து. பெரிய ரோமன் எழுத்தாக இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே சொல்லியிருந்தது. பாப்பர் என்பதன் ‘பி’. 1810 வரை அந்தச் சட்டம் புத்தகத்தில் இருந்தது. ரோமில் நெஸ்டர் ஆசைப்பட்டுக் கேட்ட பட்டம், இங்கே தோளில் தைத்துத் தந்தார்கள்.

அப்புறம் ஆங்கிலத்தில் பாப்பரைஸ் என்று ஒரு வினை முளைத்தது. பௌபெராரேயின் பேரன் மாதிரி. 1834 ஏழைச் சட்டத் திருத்தத்தை ஒட்டிய வாதங்களின் காலத்து மனப்பான்மை இதில் அப்படியே இருக்கிறது: உதவி கொடுத்துக் கொடுத்து ஒருவனை உதவியை நம்பியே இருக்கிறவனாக்குவது. தாத்தா காலத்தில் எடுத்து ஏழையாக்கினார்கள், பேரன் காலத்தில் கொடுத்து ஏழையாக்குகிறார்கள் என்றார்கள். இந்தப் பொருள்மாற்றத்தைச் செய்தவர்கள் யாரும் உதவி வாங்கும் வரிசையில் நின்றவர்கள் இல்லை என்பது என் சொந்த அபிப்பிராயம்.

கேள்வி: பிளாட்டஸின் ‘சூடோலஸ்’ நாடகத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பல்லியோ பேசும் ‘பௌபெரான்ட்’ வரியை எப்படிப் போடலாம்? ‘வறியனாக்குகிறார்கள்’ என்றால் மேடையில் எடுபடவில்லை. (ஒரு நாடகக்காரர்)

பதில்: எடுபடாதுதான். மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இது ரோமின் நகைச்சுவை நாடகாசிரியர் பிளாட்டஸ் எழுதி, கி.மு. 191இல் ரோமில், மகா அன்னைத் தெய்வத்தின் விழாவில் அரங்கேறிய நாடகம். பல்லியோ பெண்களை வைத்து வியாபாரம் செய்கிறவன். காதலிக்கிற பையனுக்கு இல்லையென்று சொல்லிவிட்டு அவன் காதலியை ஒரு படைவீரனுக்கு 20 மினாவுக்கு (மினா அந்தக் காலத்துக் கிரேக்கப் பணக் கணக்கு) விலை பேசி, 15 வாங்கிவிட்டான், பாக்கி 5 வர வேண்டும். அப்படிப்பட்டவன் தன் தொழிலின் பொருளாதாரத்தை ஒரு வரியில் சொல்கிறான். நல்ல மனிதர்கள் என்னைப் பௌபெரான்ட். கெட்டவர்கள் என்னை ஔகென்ட், அதாவது பெருக்குகிறார்கள். ஊர் மக்களுக்கு ஊக்கமுள்ளவர்களால் லாபம், எனக்குப் போக்கிரிகளால் லாபம்.

பௌபெராரேக்கு எதிராக அவன் நிறுத்துகிற வினையைப் பாருங்கள். ‘பணக்காரனாக்கு’ இல்லை, ‘பெருக்கு’. ஆகவே பௌபெராரேயும் ‘குறை’தான். நல்லவர்கள் பல்லியோவைக் கொள்ளையடிக்கவில்லை. அவன் வாசலுக்கு வராமல் வீட்டோடு இருக்கிறார்கள், அவனுக்கு வியாபாரம் இறங்குகிறது. அந்த நஷ்டத்தைத்தான் தன்னை யாரோ ஏழையாக்கியதாகச் சொல்லிப் புலம்புகிறான். தேர்வுத் தாளில் ஃபாதர் கேட்ட கேள்விக்கு இவன் கூசாமல் பதில் சொல்கிறான்: யார்? நல்லவர்கள். யாரை? என்னை!

இதற்கு வறியன், ஏழை எதுவும் வேண்டாம். போண்டி, மொட்டை என்று போனாலும் முழுக்கக் காலியான பொருள் வந்துவிடும், என் பழைய தப்பை நீங்களும் செய்தவர் ஆவீர்கள். நாம் கடைக்கணக்கில் சொல்வோமே, "கையைக் கடிக்கிறது" என்று. கை இருக்கிறது, கொஞ்சம் கடிபட்டிருக்கிறது. அதைப் போடுங்கள்:

"நல்லவனால் என் கையைக் கடிக்குது, பொல்லாதவனால் பெட்டி பெருகுது. ஊருக்கு உழைப்பாளி, எனக்கு உதவாக்கரை."

‘நல்லவன் வந்தால்’ என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள், நடிகர்கள் மாற்றப் பார்ப்பார்கள். நல்லவன் வரவே மாட்டான் என்பதுதான் பல்லியோவின் துக்கம்.